லயத்துப் பிள்ளைகளின் மூக்கில் நிமோகாக்கஸ்: தடுப்பூசி வருமுன் நடந்த ஒரு நிகழ்வு

பின்னணி

2018 டிசம்பர். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. கம்பத்திலிருந்து மலையேறி குமுளியைத் தாண்டினால் வண்டிப்பெரியாறு வரை சாலையின் இருபக்கமும் தேயிலைதான். அந்தச் சரிவுகளில் இருக்கும் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பேச்சு பெரும்பாலும் தமிழ். மூன்று, நான்கு தலைமுறைக்கு முன் கொழுந்து எடுக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். பெண் எடுப்பது, கொடுப்பது, தலைப்பிரசவம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் இன்றும் தேனிப் பக்கம் இறங்குகிறார்கள்.

எங்கள் களக்குழுவில் மூன்று பேர்: மருத்துவனாகிய நான், ஒரு செவிலியர், ஓர் ஆய்வக நுட்பர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூக்கின் பின்பகுதியில், நிமோனியாவை உண்டாக்கக்கூடிய நிமோகாக்கஸ் பாக்டீரியா எவ்வளவு தங்கியிருக்கிறது, எந்தெந்த வகை என்று பதிவு செய்வது எங்கள் வேலை. நோய் எதுவும் இல்லாமல் கிருமி மட்டும் இருப்பதை எங்களுக்குள் 'தங்கல்' என்போம்.

அப்போது ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017 மே மாதம் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி, சில வடமாநிலங்களுக்குப் போயிருந்தது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வரவில்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய், லயத்தில் யாரும் போட்டிருக்க வழியில்லை. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமாகும் இன்னொரு கிருமியான ஹிப்புக்கு எதிரான மருந்து மட்டும் ஐந்து நோய் தடுப்பூசி வழியாக 2011 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நாட்டிலேயே அதை முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான்.

நிமோகாக்கஸில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேலுறை வேறு. அப்போதைய தடுப்பூசிகளில் அடங்கியது பத்து அல்லது பதின்மூன்று வகை. ஊசி போட்ட குழந்தையின் மூக்கில் அந்த வகைகள் தங்குவது குறையும். குழந்தைகளிடமிருந்துதான் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிருமி பெரும்பாலும் போகிறது என்பதால், ஊசியே போடாத தாத்தா பாட்டிக்கும் அதில் பாதுகாப்பு கிடைக்கும். அதே நேரத்தில் காலியான இடத்துக்கு ஊசியில் இல்லாத வகைகள் வந்து சேரலாம். இது இரண்டையும் பிறகு கணிக்க வேண்டுமானால், முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ஊசி வந்தபின் அந்தக் கணக்கை எடுக்கவே முடியாது. அதனால் எங்களுக்கு அவசரம் இருந்தது. பின்னால் வந்த தவறுகள் சிலவற்றுக்கு அந்த அவசரமும் காரணம்.

இந்தக் குறிப்பில் விகிதக் கணக்கு எதுவும் இல்லை. ஒரே லயத்தில், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்த லயம்

ஓடு வேய்ந்த நீளமான ஒரே கட்டடம், சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, பின்னால் சமையல் செய்ய ஒரு சாய்ப்பு. விறகு அடுப்பு. குளிருக்குப் பயந்து சன்னலைத் திறப்பதில்லை, மாலையில் உள்ளே நுழைந்தால் புகையில் கண் எரியும். இரவில் எல்லோரும் அந்த ஓர் அறையில் ஒரே கம்பளிக்குள். இருமலும் தும்மலும் தெறித்துப் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

முதல் வீட்டில் அப்பத்தா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு நாலரை வயது, நடுவில் மூன்று வயதுப் பையன், ஏழு மாதக் கைக்குழந்தை. மகனும் மருமகளும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் இருவரும் அங்கன்வாடிக்கு, கைக்குழந்தை அப்பத்தா மடியில். பக்கத்து வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் அவள் பெற்றோரும். நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே வாசல்.

மாதிரி எடுத்த நாள்

சம்மதப் படிவம் மலையாளத்தில் இருந்தது. நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தது அந்தப் படிவத்துக்குத்தான். பீர்மேட்டில் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. அந்த லயத்தில் படித்தவர்கள் படித்தது தமிழ். ஆஷா எனப்படும் உள்ளூர் சுகாதாரப் பணியாளரான ஓர் அக்கா தமிழில் வாசித்துச் சொன்னார். கையெழுத்தும் கைநாட்டும் கிடைத்தன. அன்று அது போதும் என்று நினைத்தோம்.

கைக்குழந்தையை அப்பத்தா மடியில் வைத்து, தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நைலான் முனை கொண்ட மெல்லிய வளையும் குச்சி. பஞ்சுக் குச்சி கூடாது, பஞ்சிலிருக்கும் கொழுப்பு அமிலங்கள் இந்தக் கிருமியைக் கொன்றுவிடும். மூக்குத் துளைக்கும் காது மடலுக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமான ஆழம். மேல்நோக்கிக் குத்தாமல் மூக்கின் தரையோடு, அண்ணத்துக்கு இணையாகச் செலுத்த வேண்டும். தடை தெரிந்ததும் ஐந்து விநாடி நிறுத்தி, மெல்லத் திருகி வெளியே எடுக்க வேண்டும். குழந்தை வீறிட்டது. ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தது. அப்பத்தா முந்தானையால் துடைத்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றார். குச்சியின் முனையைப் பால்பவுடரும் கிளிசரினும் கலந்த திரவக் குழாய்க்குள் வெட்டிப் போட்டோம்.

அந்தக் குழாய்கள் பனிக்கட்டிப் பெட்டியில் இருந்து, எட்டு மணி நேரத்துக்குள் மைனஸ் 70 டிகிரி உறைபெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளமும் மண்சரிவும் கெடுத்த மலைச்சாலைகள் அப்போதும் முழுதாகச் சரியாகவில்லை. ஒரு நாள் ஜீப் நின்றுபோய், வேறொரு லயத்துக் குழாய்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பிள்ளைகளிடம் மறுபடி குச்சி விட வேண்டாம், அந்தக் குழாய்களைக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்னொன்றும் அன்று கவனித்தோம். "கடந்த இரண்டு வாரத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு எல்லா அம்மாக்களும் இல்லை என்றார்கள். எங்கள் செவிலியர் கேள்வியை மாற்றினார்: "தூள்ல தண்ணி ஊத்தி ஆட்டிக் குடுக்குற மருந்து ஏதும் குடுத்தீங்களா?" உடனே இரண்டு வீட்டில் அலமாரியிலிருந்து பாட்டில் இறங்கியது. இரண்டும் அமாக்சிசிலின். ஆன்டிபயாடிக் உள்ளே போயிருந்தால் தட்டில் கிருமி வளராமல் போகலாம், 'இல்லை' என்று பொய்யான கணக்கு வரும். அன்றிலிருந்து பாட்டிலைக் காட்டச் சொல்லியே கேட்டோம்.

தட்டில் கண்டது

ஜென்டமைசின் சேர்த்த ஆட்டு ரத்த அகார் தட்டுகள். மூடிய ஜாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்தால் அது அணையும்போது இந்தக் கிருமிக்குத் தேவையான கரியமில வாயு சேர்ந்திருக்கும். மறுநாள் மூத்தவளின் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், சுற்றிலும் பச்சை படர்ந்து. சாய்த்துப் பார்த்தால் நடுவில் குழிந்து கேரம் காய் மாதிரி தெரிந்தது. இந்தக் கிருமியைத் தடுக்கும் ஆப்டோசின் வில்லையைச் சுற்றி வளர்ச்சி நின்றிருந்தது, பித்த உப்பில் கரைந்தது. நிமோகாக்கஸ்தான்.

அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளிடமும் இருந்தது. அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் எடுத்த மாதிரியில் வளரவில்லை, பெரியவர்களிடம் தங்கல் குறைவாக இருப்பது வழக்கம்தான். பின்னர் வகை பிரித்தபோது மூத்தவளுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே வகை, 19எஃப். நடுப்பிள்ளைக்கு 6பி. இரண்டும் தடுப்பூசியில் இருக்கும் வகைகள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் தட்டில் எதுவும் வளரவில்லை.

மூன்று பிள்ளைகளுக்கும் சாதாரண மூக்கொழுகலைத் தவிர ஒன்றுமில்லை. ஏழை நாடுகளில் சின்னக் குழந்தைகளிடம் இந்தக் கிருமி இருப்பது மிகச் சாதாரணம். வருகிறது, சில வாரமோ மாதமோ தங்குகிறது, போகிறது, வேறு வகை வருகிறது. மிகச் சிலரிடம் மட்டும், பெரும்பாலும் ஒரு வைரஸ் சளிக்குப் பின்னால், காதுக்கோ நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ இறங்குகிறது.

சீட்டு போன பிறகு

பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அச்சடித்த சீட்டில் குழந்தையின் பெயர், தேதி, எதிரே 'நிமோகாக்கஸ்: பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்'. ஆஷா அக்கா வீடு வீடாகக் கொடுத்தார். எங்களில் ஒருவரும் கூடப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் போன் செய்தார். "சார், நீங்க ஒருதடவ வந்துட்டுப் போயிருங்க. இங்க ஒரே சலசலப்பா இருக்கு."

போய்ப் பார்த்ததும் கேட்டதும் இவை. பக்கத்து வீட்டு அம்மா தன் குழந்தையை அந்த மூன்று பிள்ளைகளோடு விளையாட விடவில்லை. அங்கன்வாடியில் 'பாசிட்டிவ்' பிள்ளைகளைத் தனிப்பாயில் உட்கார வைக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூத்தவளின் அப்பா ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலை இறங்கி, ஒரு மருந்துக்கடையில் சீட்டைக் காட்டி மூன்று பாட்டில் வாங்கி வந்திருந்தார். சீட்டில் பாசிட்டிவ் என்று இருந்ததால் கடைக்காரர் வேறெதுவும் கேட்கவில்லையாம். மூவருக்கும் மூடியால் அளந்து கொடுத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தி, மிச்ச மருந்தை 'அடுத்த சளிக்கு ஆகும்' என்று அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்திருந்தார்கள். நான் எடுத்துப் பார்த்தபோது பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"பாசிட்டிவ்னா டிபி மாதிரியா சார்? இல்ல, அந்தப் பெரிய வியாதியா?" மருமகள் என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் தூங்கியிருக்கிறாள்.

அப்பத்தா அப்புறம்தான் பேசினார். இதே லயத்தில், இதே மாதிரி மார்கழிக் குளிரில், அவருடைய இரண்டாவது குழந்தை நெஞ்சுச் சளியில் இறந்திருக்கிறது. விலா எலும்பு உள்ளே உள்ளே போனது, பால் குடிக்கவில்லை, விடிவதற்குள் முடிந்துவிட்டது. "அது என்ன கிருமின்னு அப்ப யாரு சொன்னா? இப்ப பேரு போட்டுச் சீட்டே குடுத்திருக்கீக. சும்மா இருக்கச் சொல்றீகளா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வீட்டில் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அந்த அப்பா செய்ததில் தவறே இல்லை. தகவலை அரைகுறையாகக் கொடுத்தது நாங்கள்.

எடுத்த முடிவுகள்

கைக்குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும், தாய்ப்பாலைத் தொடரச் சொல்லியும் கொடுத்தோம். இரண்டு நாளில் சரியானது.

சீட்டு விநியோகத்தை அன்றே நிறுத்தினோம். இதில் குழுவுக்குள் வாதம் நடந்தது. தன் பிள்ளையைப் பற்றிய தகவலை அறிய ஒரு தாய்க்கு உரிமை இருக்கிறது, அதை மறைப்பது நம் வசதிக்காகத்தான் என்று செவிலியர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆகவே முடிவைச் சொல்வதை நிறுத்தவில்லை, விதத்தை மாற்றினோம். நேரில், தமிழில், ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்வது. 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொற்களே வேண்டாம். எழுத்தில் கேட்டால் 'கிருமி தங்கியிருக்கிறது, நோய் இல்லை, மருந்து தேவையில்லை' என்று மூன்று வரி.

தங்கலுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை என்பதை ஏன் என்று விளக்கினோம். இன்று ஒரு பிள்ளையின் மூக்கில் அழித்தாலும் அக்காவிடமிருந்தோ அங்கன்வாடியிலிருந்தோ சில வாரத்தில் திரும்பி வரும். மருந்துக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சி, அதுவே அடுத்த பிள்ளைக்குப் போகும். நம் நாட்டு நிமோகாக்கஸ்களில் கோ-டிரைமாக்சசோல் மருந்துக்கு எதிர்ப்பு ஏற்கெனவே பரவலாக உண்டு. உண்மையான நிமோனியாவுக்கு வேலை செய்யும் அமாக்சிசிலினை மூக்கொழுகலுக்குச் செலவழிக்கக் கூடாது.

இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பத்தா இடைமறித்தார். "வீட்டுப் பூனை மாதிரின்னு சொல்லுங்க. சட்டிய மூடி வச்சா அதுபாட்டுக்குக் கெடக்கும். தொறந்து கெடந்தா வாய வைக்கும்." அடுத்த வீடுகளில் ஆஷா அக்கா இதையே சொன்னார். என் விளக்கத்தைவிட அது நன்றாகப் புரிந்தது.

சட்டி திறந்து கிடப்பது எப்போது என்று காட்ட வேண்டியிருந்தது. மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்தோம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அப்பத்தாவுக்கு ஐம்பது வரை வரிசையாக எண்ணினால் தடுமாறுகிறது என்றார். பத்துக்கு ஒரு புளியங்கொட்டை நகர்த்துவதாக அவரே ஒரு வழி வைத்துக்கொண்டார். மருமகளின் செல்போனில் நேரம் பார்ப்பது மூத்தவள் வேலை.

மருந்து கொடுக்கப்பட்ட பிள்ளைகளை அடுத்த சுற்றுக் கணக்கில் தனியாகக் குறித்தோம். எண்ணிக்கை குறைந்தது, வேறு வழியில்லை.

பிறகு நடந்தது

பிப்ரவரியில் நோய் வந்தது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. சீட்டில் 'நெகட்டிவ்' என்று இருந்த குழந்தை.

மூன்று நாள் காய்ச்சல், இருமல். நாங்கள் மூச்சு எண்ணக் கற்றுக்கொடுக்கப் போன இரண்டு மாலையும் அந்த வீடு பூட்டியிருந்தது, ஊருக்குப் போயிருந்தார்கள். திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே 'நெகட்டிவ்'தானே என்று நாங்களும் நினைத்திருக்கிறோம். அந்த அம்மாவும் அதையே நினைத்திருக்கிறாள். பின்னர் கேட்டபோது, "எங்க பிள்ளைக்கு அந்தக் கிருமி இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, நம்பியதைச் சொன்னாள். அதனாலேயே எனக்கு அது அதிகம் வலித்தது.

குச்சி எடுத்த அந்த ஒரு நாளில் வளரவில்லை என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். அடுத்த வாரமே கிருமி வந்திருக்கலாம். நிமோனியாவுக்கு வேறு கிருமிகளும் வைரஸ்களும் காரணமாகலாம்.

சாயங்காலம் அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த அந்த அம்மாவிடம், குழந்தையை ஏன் காணவில்லை என்று அப்பத்தா கேட்டிருக்கிறார். போய்ச் சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு நிமிடம் முடிவதற்குள் ஐந்து கொட்டை நகர்ந்து ஆறாவதும் தொடங்கிவிட்டது, விலாவும் உள்ளே இழுத்தது. எஸ்டேட் ஜீப்பைப் பிடித்து இரவே அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜனும் ஊசி மருந்தும் கொடுக்கப்பட்டன. ஆறாம் நாள் வீடு திரும்பினாள். ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை, குழந்தைகளின் நிமோனியாவில் பெரும்பாலும் அப்படித்தான்.

அங்கன்வாடியில் தனிப்பாய்ப் பேச்சு அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

2021இல் நிமோகாக்கஸ் தடுப்பூசி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பொதுத் திட்டத்துக்கு வந்தது. பிறந்த ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. இந்த நான்கு பிள்ளைகளும் அந்த வயதைத் தாண்டியிருந்தார்கள். எல்லைக்கு இருபுறமும் ஒரே ஆண்டில் வந்தது இந்த ஊர்களுக்கு முக்கியம். ஆறாம் வார ஊசியைத் தாய்வீட்டில் கம்பத்தில் போட்டு, பதினான்காம் வார ஊசியை மலையேறி வந்து போடும் குழந்தைகள் இங்கே நிறைய. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமல் இருந்திருந்தால் தவணை பாதியில் நின்றிருக்கும்.

இன்று செய்தால் மாற்றுவது

படிவம் வீட்டுமொழியில் இருக்க வேண்டும், அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்காக இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தாலும். முடிவை எப்படிச் சொல்லப்போகிறோம் என்பதைக் குச்சி எடுக்கும் முன்பே, அந்த லயத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்துத் திருத்த வேண்டும். 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மலையடிவாரத்து மருந்துக்கடைகளுக்கு முன்கூட்டியே போய்ப் பேசியிருக்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் மாநில எல்லையோடு வேலை முடிந்துவிட்டது. மக்களின் மருந்து எல்லையைத் தாண்டித்தான் வருகிறது.

மூச்சு எண்ணும் பாடத்தை மாதிரி எடுக்கும் நாளிலேயே, ஆய்வின் ஒரு பகுதியாக வைப்பேன். அன்றைக்குத்தான் எல்லா அம்மாவும் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் மூன்றாம் தடவையும் போக வேண்டும். கிருமி வளராத பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். அந்தச் சட்டையைத் தூக்கி, வயிற்றைக் காட்டி, ஒரு நிமிடம் முழுக்க அந்த அம்மா தன் வாயால் எண்ணி முடித்த பிறகே அடுத்த வாசலுக்கு நகர வேண்டும்.